பழையனூர் நீலியும் பொறிவைத்துக் கொல்லும் படங்களும்

பொறிக்குள் மனிதரை மாட்டிவைத்து, அங்கம் அங்கமாகச் சிதைவதைக் காட்டும் திகில் படங்களுக்குக் கதை தேவையா, பாத்திர வளர்ச்சி தேவையா என்னும் வழக்கு இருபது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. அப்படங்களின் அன்பர்கள், ‘நாங்கள் பார்க்க வருவது பொறியை, அதில் சிக்கியவன் எந்த ஊர், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு?’ என்கிறார்கள். எதிர்த்தரப்பார், கதையில்லாத குருதி வெறும் கசாப்பு என்கிறார்கள். இரு தரப்பாருமே குருதியைத் தனிச் சரக்காகவும் கதையைத் தனிச் சரக்காகவும் எண்ணிக்கொண்டு, எது எவ்வளவு கலக்க வேண்டும் என்று பேசுவதாகவே எனக்குப் படுகிறது. தமிழிலக்கியம் பயின்றவனுக்கு இதில் சொல்ல ஏதேனும் உண்டா என்றால், நிறையவே உண்டு. குடலும் நிணமும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. அதிலும் நான் வாழும் திருவள்ளூர் மாவட்டம் இவ்வகையில் பழம்பெருமை உடையது. பேயைப் பாடியவரும், பேயாகவே கையொப்பமிட்டவரும், பொறிவைத்துக் கொன்ற பேயும் இங்கேதான் இருக்கிறார்கள்.

‘பொறி’ என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். எலியைப் பிடிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி, கண் காது முதலிய புலன்வாயில்களும் பொறி. இப்படங்கள் இயங்கும் விதத்தைச் சொல்ல இந்த ஒரு சொல் போதும்: திரையில் இருக்கும் பொறி அங்கே கட்டுண்டவனைப் பிடிக்கிறது, அதைக் கொண்டே நம் ஐம்பொறிகளும் பிடிபடுகின்றன. தமிழில் மிகப் பழைய பொறிப் பட்டியல்களுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இருக்கிறது. மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாக அடுக்குகிறார். தானே வளைந்து அம்பெய்யும் வில், கரிய விரல்களையுடைய குரங்கு வடிவில் அமைந்து கடிக்கும் பொறி, கல்லுமிழும் கவண், கொதிக்கும் நெய், உருக்கிய உலோகம் காயும் உலை, தூண்டில், கழு, கையைக் குத்தும் ஊசி, பன்றி வடிவப் பொறி என அது நீள்கிறது. இன்று பொறிப்படம் எடுப்பவர் எவரும் பொறாமைப்படக்கூடிய பட்டியல் அது.

ஆனால் காப்பியத்தில் இந்தப் பொறிகளில் ஒன்றுகூட ஒருவரையும் கொல்வதில்லை. மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு தன் இல்லத்துக்குச் செல்லும் வழியில் அவை காணப்படுகின்றன, அவ்வளவே. கோவலன் சாவது பிறகு, கொலைக்களக் காதையில், கள்ளுண்ட ஓர் இளங்காவலன் வீசிய வாளால். பொறியில்லை, ஏற்பாடில்லை, நீண்ட வதையில்லை. ஒரே வீச்சு. மதிலில் அத்தனை பொறிகள் காத்து நின்றும் மதுரையை ஒரு பெண்ணின் சினத்திலிருந்து அவற்றால் காக்க முடியவில்லை. உண்மையான பொறியை இளங்கோவடிகள் வேறிடத்தில் வைத்திருந்தார். அது ஒரு சிலம்பு, ஒரு பொற்கொல்லன், ஊடலில் மனம் கலங்கிய அரசியைத் தேற்ற விரைந்த ஓர் அரசன். இதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர் சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். அந்தக் குரங்குப் பொறி எப்படி வேலை செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு. ஏமாற்றமும் நியாயமானதே.

அச்சம் எதனால் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்கு காரணங்கள் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். கவனித்துப் பார்த்தால் நான்குமே உயிருள்ளவை. தமக்கென ஒரு விருப்பம் உடையவை. வாளோ, நெருப்போ, பள்ளமோ அந்தப் பட்டியலில் இல்லை. நம்மைக் குறித்து ஏதோ ஒன்றை எண்ணக்கூடிய ஒருவர் எதிரே இருந்தால்தான் அச்சம் என்பது தொல்காப்பியர் கருத்துப் போலும். இளிவரல், அதாவது அருவருப்புச் சார்ந்த மெய்ப்பாடு, அவரிடத்தில் வேறு. அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் பிறப்பது. உடலின் தளர்ச்சியிலும் நலிவிலும் நிற்பது. வடமொழியாரும் பயானகத்தையும் பீபத்சத்தையும் இரு வேறு சுவைகளாகவே வைத்தனர். பொறிப்படங்கள் இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சுகின்றன. அறுபடும் சதை தருவது இளிவரல். அறுக்கச் சொன்னவன் தருவது அச்சம். முன்னது மட்டும் போதும் என்பவர்களே கதை வேண்டாம் என்பவர்கள்.

கிரேக்கத்திலும் இதே பிரிவினை உண்டு. அச்சமும் இரக்கமும் மேடைக்காட்சியாலும் உண்டாகும், ஆயினும் நிகழ்ச்சிக் கோவையால் உண்டாவதே சிறந்தது என்றார் அரிஸ்டாட்டில். ஈடிப்பஸின் கதையைக் காதால் கேட்ட மாத்திரத்தில் உடல் நடுங்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அவருடைய அளவுகோலை அப்படியே நீட்டினால் திருவாலங்காட்டில் அது முறிந்துவிடும்.

திருவாலங்காடு சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையம். சோழர் வரலாறு படித்தவர்கள் 1905இல் அங்கே கிடைத்த செப்பேடுகளால் அதை அறிவர். சைவர்கள் இரத்தின சபையால் அறிவர். காரைக்கால் அம்மையார் அங்கிருந்த சுடுகாட்டைப் பாடினார். அவருடைய மூத்த திருப்பதிகங்களில் கதை கிடையாது. வற்றிய முலையும், புடைத்த நரம்பும், குழிவிழுந்த கண்ணும் உடைய பெண்பேய் வருகிறது; ஈமத்தீ எரிகிறது; நரி பிணத்தை இழுக்கிறது; நடுவே இறைவன் ஆடுகிறான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காட்சி, காட்சி, மேலும் காட்சி. கதையற்ற திகில் கலையாகுமா என்று கேட்பவர்களுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக விடை அங்கே இருக்கிறது: ஆகும்.

எனினும் ஒன்று உண்டு. பதிகத்தின் இறுதியில் பாடியவர் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்று கூறிக்கொள்கிறார். அதுவரை நாம் ஒதுங்கி நின்று பார்த்த அந்தப் பேய், நமக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரே என்று தெரிகிறது. ஒரு வணிகன் மனைவி, கணவனால் கைவிடப்பட்டவள், அவனுக்காகத் தாங்கிய அழகை வேண்டாமென உதறியவள். அந்த வரலாற்றைச் சேக்கிழார் பிறகு விரித்துரைத்தார்; அம்மையார் சொன்னதோ ஒரு பெயர் மட்டுமே. பாத்திர வளர்ச்சி என்று இப்போது நாம் சொல்வது எதுவும் அங்கே இல்லை. ‘இது யாருடைய உடல்’ என்பதற்கு மட்டும் விடை இருக்கிறது. திகிலுக்குக் கதை இல்லாமலிருக்கலாம், உரியவர் இல்லாமலிருக்க முடியாது என்பது இப்பதிகங்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். நீலியின் ஊர். நீலி கதையை அறியாத தமிழர் பலர் இருக்கலாம், ‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடரை அறியாதவர் இரார். கதை சொல்லுவாருக்கேற்பச் சிறிது சிறிது மாறும், நடுத்தண்டு இது. முற்பிறவியில் ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான், அவள் பேயானாள். ஒரு பெண்ணால் அவனுக்குச் சாவு என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததால், பேயை அண்டவிடாத கத்தி ஒன்றை அவன் எப்போதும் கையில் வைத்திருந்தான். அக்கத்தி இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க முடியாது. அவன் பழையனூர் வழியே வந்தபோது அவள் பெண் வடிவெடுத்தாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊர் அவையில் எழுபது வேளாளர் கூடியிருந்த இடத்துக்கு வந்து, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்’ என்று அழுதாள். குழந்தை அவனைத் தந்தை என்று அழைத்தது. அவன் மறுத்தான், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறினான். அவையோர் பெண்ணின் கண்ணீரை நம்பினர். இன்றிரவு இவளுடன் தங்கு, உன் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரையும் ஈடாகத் தருகிறோம் என்று வாக்களித்தனர். அவள் கடைசியாக ஒன்று கேட்டாள்: ‘அவர் கையில் கத்தி இருக்கிறது. எனக்கு அச்சமாக இருக்கிறது.’ கத்தியை அவன் கொடுத்துவிட்டான். விடிந்தபோது அவன் குடல் கிழிந்து கிடந்தான். எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்கினர்.

பொறிக்கதை என்றால் இதுதான் பொறிக்கதை. இதில் இரும்பு இல்லை, பல்சக்கரம் இல்லை. ஊராரின் நல்லெண்ணம்தான் பொறியின் வில். அவர்கள் கொடுத்த வாக்குத்தான் அதன் பூட்டு. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கு உரியதையே செய்கிறார்கள். பெண் அழுதால் அவை கேட்கிறது, அவை சொன்னால் வணிகன் பணிகிறான். அவன் கத்தியைக் கீழே வைக்கும் கணத்தில் நமக்கு எல்லாம் தெரியும், அவனுக்கும் தெரியும். கிழிந்த குடல் அதற்குப் பின் ஓர் இரவு கழித்து வரும் செய்தி மட்டுமே. எழுபது பேரில் ஒருவருடைய பெயரும் நமக்குச் சொல்லப்படவில்லை, ஒருவரும் ‘வளர’வும் இல்லை. ஆயினும் அவர்கள் வெறும் எண்ணிக்கையாகத் தோன்றுவதில்லை. அவர்களால் ஓட முடிந்திருக்கும், ஓடவில்லை. பழையனூரில் அவர்கள் தீப்பாய்ந்ததற்கு நினைவு மண்டபம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சத்தால் உயிர்கொண்ட இந்தப் பெண்ணைச் சுட்டுகிறார் என்பதால், கதை அதற்கும் முந்தியதாதல் வேண்டும்.

இவ்வளவு காலம் கழிந்தபின் மொழி எதை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீலி கிழித்த குடல் எந்தப் பழமொழியிலும் இல்லை. அவள் வடித்த கண்ணீர் இன்றும் மக்கள் வாயில் இருக்கிறது. பேருந்தில் சில்லறைக்குச் சண்டை பிடிப்பவர்கள்கூட ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ என்கிறார்கள்.

சமணர்கள் இவளை எடுத்துச் சென்று வேறொரு வேலைக்கு அமர்த்தினார்கள். நீலகேசி என்னும் காப்பியத்தில், முனிச்சந்திரர் என்னும் துறவி காளிகோயில் பலியை நிறுத்தி, உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணால் செய்ததைப் படைக்குமாறு செய்துவிடுகிறார். சினந்த காளி, பழையனூர் நீலியை வரவழைத்து அவரை அச்சுறுத்த ஏவுகிறாள். நீலி தான் அறிந்த கோர வடிவங்களை எல்லாம் சுடுகாட்டில் காட்டுகிறாள். முனிவர் அசையவில்லை. பிறகு அரசகுமாரியின் அழகிய வடிவில் வருகிறாள். அதையும் அவர் கண்டுகொள்கிறார். தோற்ற நீலி அவரிடமே அறம் கேட்டு, பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாருடன் வாதிடும் தருக்கவாதியாகிறாள். பேயொன்று தருக்க நூல் கற்ற கதை உலகில் வேறெங்கும் உண்டா என்று நான் அறியேன். உள்ளே பற்று ஏதுமில்லாதவன்முன் எத்தனை கோரம் காட்டினாலும் திகில் பிறக்காது என்பதை அந்நூல் முதல் சருக்கத்திலேயே காட்டிவிடுகிறது. பொறிப்படங்களை வரிசையாகப் பார்த்து மரத்துப்போன பார்வையாளர்களும் ஒருவகையில் முனிச்சந்திரர்கள்தாம். தவம் மட்டும் செய்யாதவர்கள்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாக இறுக்கும் பொறிக்குச் சேக்கிழாரிடம் போக வேண்டும். சிறுத்தொண்டர் வீட்டுக்கு வந்த வயிரவர் கேட்பதை நினைத்துப் பாருங்கள். உண்பது நரப்பசு, வயது ஐந்து, உறுப்பில் குறை கூடாது, ஒரு குடிக்கு ஒரே மகனாக வேண்டும், தாய் பிடிக்க வேண்டும், தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் மகிழ்ந்து செய்ய வேண்டும். கடைசி விதியைக் கேட்டதும் நாற்காலியின் விளிம்புக்கு வராத மாணவரை நான் பார்த்ததில்லை. ஒலிநாடாவில் விதிகளை ஓதும் மேலைநாட்டு வில்லன் இதற்குமுன் சிறுபிள்ளை. இத்தனைக்கும் அரியும் இடத்தைச் சேக்கிழார் விரைவாகவே கடந்துவிடுகிறார்.

அப்படியானால் குருதியை விரும்பிப் பாடியவர் தமிழில் இல்லையா? ஜெயங்கொண்டார் இருக்கிறாரே. முதற்குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் படையெடுத்துச் சென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், காஞ்சியிலிருந்து வடக்கே போகும் படை கடக்கும் ஆறுகளின் வரிசையில் பாலாற்றுக்கு அடுத்துக் குசைத்தலை ஆறு வருகிறது. இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் கொசத்தலையாறுதான் அது. அந்தப் படை எங்கள் மாவட்டத்தைத் தாண்டித்தான் போயிற்று. போர்க்களத்தில் பேய்கள் நிணத்தையும் மூளையையும் கொண்டு கூழ் சமைத்து, பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், கருவுற்ற பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் தகுதிக்கேற்பப் பரிமாறும் பகுதியை அருவருப்பின் உச்சம் என்றும் நகைச்சுவையின் உச்சம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒருசேர நிற்பதே அதன் சிறப்பு. பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கினோல் அரங்கிலும் ஒரே இரவில் குரூர நாடகமும் கேலி நாடகமும் மாற்றி மாற்றிப் போடுவார்களாம். ஜெயங்கொண்டார் இரண்டையும் ஒரே தாழிசையில் வைத்தார்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது கூழடும் பகுதியை அன்று. அதற்கு மிக முன்னரே, இந்திரசாலம் என்னும் பகுதியில் ஒரு முதுபேய் வருகிறது. இமயத்தில் மாயவித்தை கற்றுவந்த அது, காளியின்முன் தன் வித்தையைக் காட்டுகிறது. குருதியாறு ஓடுகிறது, தலைகள் உருள்கின்றன, தசை மலைபோல் குவிகிறது. பன்னாள் பசியோடு கிடந்த பேய்கள் அவை மெய்யென்றெண்ணி விழுந்தடித்து ஓடி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெறும் வாயை மென்று, வெறுங்கையை நக்குகின்றன. இறுதியில் வித்தையை நிறுத்தும்படி ஆகிறது. பொறிப்படம் பார்க்கும் அவையைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் இந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பகுதியே என்பது என் எண்ணம். காட்டப்படுவது கண்முன் இருக்கிறது. வாயில் எதுவும் வந்து சேரவில்லை. பிறகு ஜெயங்கொண்டார் என்ன செய்கிறார்? பேய்களின் முறைப்பாட்டைக் கேட்கவைக்கிறார், சோழர் மரபைக் கூறுகிறார், கலிங்கன் திறை கொடாததைச் சொல்கிறார், படையை நடத்துகிறார். இவ்வளவும் கழிந்தபின் வரும் கூழ்தான் பேய்களின் பசியை ஆற்றுகிறது. அதாவது மாயக்குருதி, பிறகு கதை, பிறகு மெய்க்குருதி என்பது வரிசை. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததென்று நான் நம்பவில்லை.

திரௌபதியம்மன் விழாக்களில் நடக்கும் படுகளமும் இவ்வகையதே. நாள் முழுதும் கிடக்கும் மண்ணாலான துரியோதனன், தொடையில் பீமன் அடி, பீறிடும் செந்நீர், அதைக் கூந்தலில் தடவி முடியும் திரௌபதி. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் விரித்த கூந்தல் அது. கடைசி நாள் காலையில் மட்டும் வருபவர்களே கூட்டத்தில் மிகுதி என்பதும் உண்மை. அவர்களுக்குக் கதை தேவைப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. கதையை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.

இனித் திரைக்கு வருவோம். 2004இல் வெளிவந்த ‘சா’ படத்தை (தமிழில் எழுதும்போது பெயர் தானாகவே பொருந்திவிடுகிறது) எடுத்தவர்கள் இரண்டு இளைஞர்கள். மலேசியாவின் குச்சிங் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜேம்ஸ் வான் இயக்கினார். லீ வானல் எழுதி, நடிக்கவும் செய்தார். ஏறத்தாழ 12 லட்சம் டாலரில், 18 நாள்களில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 10 கோடி டாலருக்குமேல் ஈட்டியது. அழுக்கேறிய குளியலறையொன்றில் இருவர் சங்கிலியால் குழாயில் கட்டப்பட்டிருக்கிறார்கள். கையில் ரம்பம் இருக்கிறது. அது சங்கிலியை அறுக்காது, காலை அறுக்கும். இது தெரியவரும் கணமே படத்தின் உயிர். அதற்குமுன்னும் பின்னும் உள்ள துப்பறியும் சங்கதிகளை இன்று பலர் மறந்திருப்பார்கள். முதல் படத்தில் குருதி நாம் நினைவில் வைத்திருப்பதைவிடக் குறைவு. தொடர்ந்து ஆண்டுக்கொன்றாக 2010 வரை வந்தவற்றில் பொறிகள் பெருத்தன, சிக்கியவர்கள் சிறுத்தனர். 2006இல் டேவிட் எடல்ஸ்டைன் என்னும் அமெரிக்க விமரிசகர் இவ்வகைப் படங்களைச் ‘சித்திரவதை ஆபாசம்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் படம் வந்த மறு ஆண்டு, 2005 ஜூனில், ஷங்கரின் ‘அந்நியன்’ வெளிவந்தது. வசனம் சுஜாதா. பொறிவைத்துத் தண்டிக்கும் தமிழ்ப்படம் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அதுவே. விபத்தில் துடித்தவனுக்கு உதவாதவன் எருமைக் கூட்டத்தால் மிதிபடுகிறான், இது அந்தகூபம். கெட்ட உணவு வழங்கிய ரயில் ஒப்பந்தக்காரன் எண்ணெயில் பொரிக்கப்படுகிறான், இது கும்பிபாகம். தரமற்ற பிரேக் வயர் செய்தவனை அட்டைகள் உறிஞ்சுகின்றன, இது கிருமிபோஜனம். படம் கருட புராணத்தின் பெயரைச் சொன்னாலும், இம்மூன்று பெயர்களும் பாகவதத்தின் ஐந்தாம் கந்தம் அடுக்கும் 28 நரகங்களிலும் உண்டு. உயிருள்ளவற்றைச் சமைத்தவன் அங்கே எண்ணெயில் வேகிறான். குற்றத்தின் வடிவமே தண்டனையின் வடிவம். தாந்தேயின் நரகத்திலும் இதுவே நெறி. இத்தகைய பொறி தன்னளவிலேயே ஒரு குட்டிக்கதை. உடலைப் பார்த்தே செய்த வினையைப் படித்துவிடலாம். ‘கதை வேண்டாம்’ என்னும் அன்பர்கள் உண்மையில் விரும்புவது இந்தக் குட்டிக்கதையைத்தான் என்று ஐயுறுகிறேன்.

‘அந்நியன்’ படத்தில் பாத்திரப் படைப்பு முழுவதும் தண்டிப்பவனுக்கே போய்விட்டது. அவனுக்கு மூன்று ஆள் அளவுக்கு. தண்டிக்கப்படுபவர்கள் ஆளுக்கொரு குற்றம் மட்டுமே உடையவர்கள். அதனால்தான் எண்ணெய்க் கொப்பரைக் காட்சிக்குத் திரையரங்கில் கைதட்டல் எழுந்தது, நான் கேட்டிருக்கிறேன். அச்சம் எழவில்லை. தனக்கென எதுவும் இல்லாதவன் வெந்தால் கணக்குத் தீர்ந்த நிறைவுதான் வரும். 2011இல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ எதிர்த்திசையில் போனது. முதலில் அட்டைப்பெட்டிகளில் வெட்டுண்ட கைகள், பிறகு படிப்படியாக அவற்றுக்குப் பின்னிருக்கும் ஒரு குடும்பம். உடலுறுப்பிலிருந்து மனிதரை நோக்கிச் செல்லும் கதை அது. குரூரத்தில் ‘அந்நிய’னுக்குக் குறைந்ததன்று, யாரும் கைதட்டிய நினைவு எனக்கில்லை.

பாத்திர வளர்ச்சி என்பதை மேலைநாட்டுத் திரைக்கதைப் பாடநூல்கள் பெரிதுபடுத்திவிட்டன. 1997இல் வந்த ‘கியூப்’ படத்தில் கனசதுர அறைகளில் சிக்கியவர்களுக்குச் சிறைச்சாலைகளின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். அவர்களுடைய கடந்தகாலம் சில வரிகளே. அந்த இயந்திரத்தைக் கட்டியது யார் என்பதும் தெரியாது. படம் நன்றாகவே நிற்கிறது, ஏனெனில் ஒவ்வோர் அறையிலும் அவர்கள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வளர்ச்சி வேண்டியதில்லை; வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடியவன் என்று நாம் நம்பும் ஒருவன் வேண்டும். கத்தியைக் கொடுக்காமலும் இருந்திருக்கலாம் அந்த வணிகன்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் மறுத்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துகொண்டு படிப்பவர் அவர். பவர் பிரஸ்ஸில் தகட்டைவைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும். கை நடுவில் இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எண்ணிக்கை கூட வேண்டுமென்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிடுவார்கள். அவருடன் வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி மூன்று விரல்கள் போயின. பீகாரிலிருந்து வந்தவர், சோறு பிடிக்காது, ரொட்டி தானே சுட்டுக்கொள்வார், தங்கைக்குத் திருமணம் முடிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் இடத்தில் வேறோர் ஆள் நின்றார். நாளிதழில் வந்திருந்தால் ‘வடமாநிலத் தொழிலாளி காயம்’ என்று இரண்டு வரி வந்திருக்கும், அதுவும் வரவில்லை.

‘ஐயா, தேர்வு செய்ய முடிந்தவன் வேண்டும் என்கிறீர்கள். அவருக்கு என்ன தேர்வு இருந்தது?’ என்று கேட்டார் அவர். டேப்பைப் பிய்த்திருக்கலாம் என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். பிய்த்தவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார் இவர். பழையனூர் அவையில் கத்தியைக் கொடுக்க மறுத்திருந்தால் வணிகனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அதற்குமுன் நான் அந்த வகுப்பில் கேட்டிருக்கவில்லை. அன்று அரைமணி நேரம் அதைப் பேசினோம். ஊர் ஒப்பாது, ஊரைவிட்டு உயிரோடு போகவிட்டிருப்பார்களா என்பதும் ஐயமே என்று பெரும்பாலோர் முடிவுகட்டினர். அப்படியென்றால் பொறியில் முதலில் விழுந்தவர்கள் எழுபது பேரா, வணிகனா என்று ஒரு மாணவி கேட்டார். மணி அடித்துவிட்டது.

அந்த மாணவர் பொறிப்படங்களை வெறுப்பவர் அல்லர். 2023இல் வெளிவந்த ‘சா’ வரிசையின் பத்தாம் படத்தைப் பார்க்கும்படி என்னிடம் சொன்னவரே அவர்தாம். புற்றுநோயாளியான ஜான் கிரேமரை, போலி மருத்துவக் கூட்டம் ஒன்று மெக்ஸிகோவில் ஏமாற்றுகிறது. நம்பிக்கையோடு படுத்த கிழவனாக அவரை நெடுநேரம் காட்டிய பிறகே, ஏமாற்றியவர்களுக்கான பொறிகள் முடுக்கப்படுகின்றன. வரிசையிலேயே விமரிசகர்கள் மிகுதியாகப் பாராட்டியதும் அதையே. மாணவருக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் படங்களில் சிக்கிய ஒவ்வொருவருக்கும், நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒரு குரல் சொல்கிறது. அறுபது விநாடியாவது தருகிறார்கள் என்றார்.